கல்யாணத்தில் முடிந்த சண்டைப் படம்

‘ஹை நூன்’ கல்யாணத்தில் முடிகிற படம் என்று இருபது வருஷத்துக்கு மேல் நம்பியவன் ஒருவன் எனக்குச் சிநேகிதன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அதன்மேல் ஒரு சித்தாந்தமே கட்டியிருந்தான். “அமெரிக்காக்காரனும் நம்மாளும் ஒண்ணுதாண்டா. முதல்ல துப்பாக்கி, கடைசில தாலி. அங்க மோதிரம், அவ்வளவுதான் வித்தியாசம்.”

1952-ல் வந்த அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும், கல்யாணம் வருவது படம் தொடங்கிய சில நிமிஷங்களில். ஊர்க்காவல் அதிகாரி கேரி கூப்பர் கிரேஸ் கெல்லியைக் கைப்பிடிக்கிறார், வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பப் போகிறார், அந்த நேரம் பார்த்துப் பழைய பகையாளி பன்னிரண்டு மணி ரயிலில் வருகிறான் என்று சேதி வருகிறது. வீடு வீடாகப் போய்க் கேட்கிறார், துணைக்கு ஒருத்தர் வரவில்லை. சுட்டு முடித்து, சட்டையில் குத்தியிருந்த நட்சத்திர வில்லையைக் கழற்றிப் புழுதியில் எறிந்துவிட்டு, பெண்டாட்டியோடு வண்டியேறிப் போய்விடுகிறார். மொத்தம் 85 நிமிஷம். அதற்கப்புறம் கல்யாணமும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது.

ஆனால் என் சிநேகிதன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது அப்படித்தான்.

அவனை மாம்பலம் என்றே சொல்கிறேன். நாங்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். பனகல் பார்க் பக்கம் வீடு. இன்னொருவன் அடையாறு. சித்திரக்குளத்து ஆசாமியான நான் மயிலாப்பூர். வகுப்பில் ஒரே பேரில் நாலு பேர் இருந்தால் வருகிற ஏற்பாடு இது. ஐம்பது வருஷம் கழித்து, மாம்பலம் மடிப்பாக்கத்துக்குக் குடிபோன பிறகும், அவன் மாம்பலம்தான்.

மவுண்ட் ரோடில், ஜெமினி பக்கத்தில், சஃபையர் வளாகம் இருந்தது. 1964-ல் ‘கிளியோபாட்ரா’வோடு திறந்தார்கள். ஒரே கட்டடத்தில் சஃபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று மூன்று தியேட்டர். இதில் ப்ளூ டைமண்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. காலையிலிருந்து ராத்திரி வரை படம் ஓடிக்கொண்டே இருக்கும். எப்போது வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து உள்ளே போகலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள். சித்திரை வெயிலில் படத்துக்காகப் போனவர்களைவிட ஏ.சி.க்காகப் போனவர்கள் ஜாஸ்தி. மெடிக்கல் ரெப்புகள் பையை மடியில் வைத்துக்கொண்டு வாய் திறந்து தூங்குவார்கள். இருட்டில் டார்ச்சைப் பின்தொடர்ந்து, நாலு பேர் காலை மிதித்து, உட்கார்ந்து நிமிர்ந்தால் திரையில் யாரோ செத்துக் கிடப்பார்கள். அவர் யார், ஏன் செத்தார் என்பது இரண்டு மணி நேரம் கழித்துத் தெரியும்.

‘சைக்கோ’வை வெளியிட்டபோது படம் ஆரம்பித்த பின் ஒருத்தரையும் உள்ளே விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கண்டிப்பான உத்தரவு போட்டிருந்தாராம். நல்லவேளை, அவர் ப்ளூ டைமண்ட் பக்கம் வந்ததில்லை.

மாம்பலம் ஒருநாள் இப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறான். வெறிச்சோடிய தெருவில் கேரி கூப்பர் தனியாக நடக்கிறார். துப்பாக்கிச் சண்டை. வில்லை புழுதியில் விழுகிறது. ஹீரோயினை ஏற்றிக்கொண்டு வண்டி போகிறது. விளக்கு போட்டார்கள். நம்மூரில் விளக்கு போட்டால் இடைவேளை என்றுதானே அர்த்தம்? இவன் வெளியே வந்து ஒரு சமோசாவும் கோல்ட் ஸ்பாட்டும் முடித்துக்கொண்டு, நிதானமாகத் திரும்பியிருக்கிறான். டைட்டில் போய்விட்டது. திரையில் கூப்பருக்கும் கெல்லிக்கும் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. வில்லன் காலி, ஹீரோயின் கைக்கு வந்தாச்சு, கல்யாணமும் ஆச்சு, இனி என்ன பாக்கி? மணி ஏழு. எட்டுக்குள் வீட்டில் இல்லையென்றால் அவன் அப்பா வாசல் கதவைத் தாழ் போட்டுவிடுவார். எழுந்து வந்துவிட்டான்.

இந்த விவரமெல்லாம் எங்களுக்குத் தெரிந்தது பிற்பாடுதான். அப்போது தெரிந்ததெல்லாம் அவன் விடாப்பிடியாக எங்களோடு மல்லுக்கு நின்றது.

நின்ற இடம் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கதீட்ரல் ரோடில் மரங்களுக்கு நடுவே, 1962-ல் வந்த ஓட்டல். காரிலிருந்து இறங்காமலே ஜன்னலில் தட்டை மாட்டிக்கொண்டு டிபன் சாப்பிடலாம். எங்களிடம் இருந்தவை மூன்று சைக்கிள்கள், அதில் ஒன்றுக்கு பிரேக் கிடையாது. உள்ளே ஹாலில் ஒரு மூலை மேஜை. மூன்று பேருக்கு இரண்டு காபி, ஒரு காலி டம்ளர். மயிலாப்பூரிலிருந்து சஃபையருக்குப் போகிற வழியிலேயே இருந்ததால் படத்துக்கு முன்பும் அங்கே, பின்பும் அங்கே. பக்கத்து மேஜைகளில் கதாசிரியர்கள், துணை நடிகர்கள், அடுத்த வாரம் படம் பூஜை போடப்போவதாகப் பத்து வருஷமாகச் சொல்லிவந்த தயாரிப்பாளர்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்ப் படம் என்ற ஒன்று இந்த ஊரில் எடுக்கப்படுவதே தெரியாதவர்கள் போல, ஜான் ஃபோர்டா ஹோவர்ட் ஹாக்ஸா என்று நாங்கள் சத்தம் போட்டோம். யாராவது திரும்பிப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் சத்தமாக.

ஏன் 1972-ல் மூன்று பையன்கள் 1952-ஆம் வருஷப் படத்துக்காக அடித்துக்கொள்ள வேண்டும்? எங்களுக்குப் பழைய கலையின் மேல் பக்தி என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் அந்நியச் செலாவணி. ஹாலிவுட் கம்பெனிகளுக்கும் நம் அரசாங்கத்துக்கும் இருந்த இறக்குமதி ஒப்பந்தம் 1971-ல் காலாவதியாயிற்று. புதுசாகக் கையெழுத்தாக 1975 ஆயிற்று. நடுவில் புதுப்படம் வரத்து ஏறக்குறைய நின்றுபோனது. தியேட்டர்காரர்கள் என்ன செய்வார்கள்? கிடங்கில் கிடந்த பெட்டிகளைத் தூசி தட்டினார்கள். ஓடி ஓடித் தேய்ந்த பிரிண்ட். அரிசோனா பாலைவனத்திலும் இடைவிடாமல் மழை பெய்தது. சோறு ஆறிப்போனால் பழையது. படம் ஆறிப்போனால் கிளாசிக். எது மகத்தான படம் என்று எங்களுக்குத் தீர்மானித்துக் கொடுத்தவர் மவுண்ட் ரோடு பக்கம் ஏதோ ஒரு விநியோகஸ்தரின் குமாஸ்தா என்று இப்போது தோன்றுகிறது. கைக்கு எட்டிய பெட்டியை எடுத்து அனுப்பியிருப்பார் பாவம்.

கட்சிகள் இப்படிப் பிரிந்திருந்தன. அடையாறு கலைக்கட்சி. ஒரு ஃபிலிம் சொசைட்டியில் உறுப்பினர். ஜோல்னாப் பை. நடிகரின் பேரில் படத்தைச் சொன்னால் முகம் சுளிப்பான், டைரக்டர் பேரில்தான் சொல்ல வேண்டும். ‘ஹை நூன்’ என்றால் அவனுக்கு ஃபிரெட் ஜின்னெமான் படம். கூப்பர் முகத்தில் தெரிகிற வேதனை இருக்கிறதே, அது ஒரு தனிமனிதனின் மனசாட்சி படுகிற வேதனை என்பான். (படப்பிடிப்பு சமயத்தில் கூப்பருக்கு வயிற்றுப்புண் பாடாய்ப் படுத்தியது என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். அடையாறிடம் சொல்லவில்லை. எதற்கு?)

மாம்பலம் ஜனரஞ்சகக் கட்சி. அவனுக்கு உலகத்தில் ஒரே படம், ‘மெக்கனாஸ் கோல்ட்’. கிரெகரி பெக், ஓமர் ஷெரீப், தங்கப் பள்ளத்தாக்கு, பிணம் தின்னக் காத்திருக்கும் கழுகு. அமெரிக்காவில் 1969-ல் வந்து சுருண்ட படம். இந்தியாவில் அது ஓடிய ஓட்டம் ஹாலிவுட்காரர்களுக்கே புரியாத புதிர். சென்னையில் அது திரும்பத் திரும்ப வந்தது, ஒவ்வொரு தடவையும் மாம்பலம் போனான். குளத்தில் குளிக்கிற காட்சிக்காகத்தானே போகிறாய் என்று அடையாறு கேட்டால், “பூகம்பத்துக்காகப் போறேண்டா” என்பான். தங்கமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும் அந்தக் கடைசிப் பூகம்பத்தில் பட்டினத்தார் தத்துவம் இருக்கிறதாம். கூப்பரைப் பற்றி அவனுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. “மாப்பிள்ளைக்கு ஐம்பது, பொண்ணுக்கு இருபத்தொண்ணு. இதைக் கலைங்கற. இதையே நம்மாள் பண்ணினா சிரிக்கற.” கணக்கு சரிதான், 1951-ல் படம் பிடித்தபோது இருவருக்கும் அதுதான் வயசு. இதற்கு அடையாறிடம் பதில் இருந்ததில்லை.

நான் கலைக்கட்சியில் இருந்தேன். ‘ஹை நூன்’ பற்றி நான் பேசினால் அடையாறே வாயைப் பிளப்பான். நிஜ நேரமும் திரை நேரமும் ஒன்றாக ஓடுகிற உத்தி, சுவர்க்கடிகாரங்கள், காலியான தண்டவாளத்தை அடிக்கடி காட்டுகிற ஷாட், தியோம்கினின் இசை. எல்லாம் ஜெமினிப் பக்கத்து அமெரிக்கத் துணைத் தூதரக நூலகத்தில் ஒரு தடிப் புத்தகத்தில் படித்தது. படத்தை நான் பார்க்கவில்லை. அது ஓடிய வாரம் எனக்கு அம்மை.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விடுவதற்குள் பெட்டி ஊரைவிட்டுப் போய்விட்டது. அந்தக் காலத்தில் ஒரு படம் போனால் போனதுதான். மறுபடி வருமோ, இந்த ஜென்மத்தில் பார்ப்போமோ. ‘சிட்டிசன் கேன்’ படத்தையும் நான் பார்த்ததில்லை. அதைப் பற்றியும் பேசிக்கொண்டுதான் இருந்தேன். 1941-க்கான சிறந்த பட ஆஸ்கரை அதற்குக் கொடுக்காமல் ஜான் ஃபோர்டின் ‘ஹவ் க்ரீன் வாஸ் மை வேலி’க்குக் கொடுத்த அநியாயத்துக்காக நான் டிரைவ்-இன் மேஜையைக் குத்தி டம்ளர் கவிழ்ந்திருக்கிறது. இரண்டையும் பார்க்காதவன் குத்திய குத்து அது. பார்த்தவனுக்கு அவ்வளவு ஆத்திரம் வராது.

பார்த்த படங்களிலும் எவ்வளவு பார்த்தோம் என்பது கேள்விதான். சப்டைட்டில் கிடையாது. ஷெல்லியும் மில்டனும் படித்த இங்கிலீஷ் ஜான் வெய்னிடம் செல்லுபடியாகவில்லை. அவர் வாயைத் திறக்காமலே பேசுவார். பால்கனியில் இரண்டு வரிசை சிரித்தால் கீழே நாங்கள் அரை விநாடி தாமதித்துச் சிரித்தோம். எங்களைப் பார்த்து எண்பத்துநாலு காசு வரிசை சிரித்தது. மலையில் எதிரொலி போவது மாதிரி சிரிப்பு தியேட்டருக்குள் இறங்கி வரும். பால்கனி யாரைப் பார்த்துச் சிரித்தது என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருமுறை படம் ஓடும்போது பக்கத்து சீட்டுப் பெரியவர் என்னிடம், “இப்ப என்ன சொன்னான் தம்பி?” என்று கேட்டார். நான் கூசாமல் ஒரு வசனம் சொன்னேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். ஓஹையோக்காரரான எல்லிஸ் ஆர். டங்கன் 1935-ல் இங்கே வந்து, தமிழில் ஒரு வார்த்தை தெரியாமல், எம்.ஜி.ஆரின் முதல் படமான ‘சதி லீலாவதி’யில் தொடங்கி ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’, ‘மந்திரி குமாரி’ என்று 1950 வரை படம் எடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அமெரிக்கர் தமிழ் தெரியாமல் தமிழ்ப் படம் எடுக்கலாமென்றால், மயிலாப்பூர்க்காரன் இங்கிலீஷ் புரியாமல் இங்கிலீஷ் படம் பார்க்கக்கூடாதா?

இதில் எங்களுக்கு இருந்த கர்வம்தான் தாங்காது. எங்கள் வீட்டுப் பெண்கள் ‘அன்பே வா’ பார்த்துவிட்டு வந்து பாட்டு முணுமுணுத்தால், “இது ‘கம் செப்டம்பர்’ காப்பி” என்று பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொல்வோம். ‘நாடோடி மன்னன்’ பேச்சு வந்தால் ‘தி ப்ரிசனர் ஆஃப் ஜெண்டா’ என்போம். ‘இஃப் ஐ வேர் கிங்’ என்ற படம் தந்த தூண்டுதல் என்று எம்.ஜி.ஆரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ருசி போயிருக்கும். பி.யு.சின்னப்பாவின் ‘உத்தம புத்திரன்’ வந்தது 1940-ல்; அதன் மூலமான ‘தி மேன் இன் தி அயர்ன் மாஸ்க்’ வந்தது 1939-ல். ஒரே வருஷம்! யுத்த காலத்தில், கப்பலில் பெட்டி வந்து, பார்த்து, எழுதி, எடுத்து, வெளியிட்டாயிற்று. இன்றைக்கு யாராலும் முடியாத அந்த வேகத்தைப் பாராட்ட எங்களுக்குத் தோன்றவேயில்லை. லஸ்ஸில் காமதேனு தியேட்டர் இருந்தது, வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடை. அது பாட்டிமார்கள் போகிற இடம் என்று நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. தெருமுனை தியேட்டரில் படம் பார்த்தால் ரசனை கெட்டுவிடும், குறைந்தது மூன்று மைல் சைக்கிள் மிதித்தாக வேண்டும்.

அப்புறம் வேலை, கல்யாணம், பிள்ளைகுட்டி. அடையாறு பாங்க் வேலையில் ஜபல்பூருக்குப் போனான், ஜோல்னாப் பை போகவில்லை. இருபது வருஷத்தை இந்த ஒரு வரியில் தாண்டிவிடுகிறேன், அதில் சினிமா கிடையாது.

1995 மே மாதம் கேபிளில் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. பகலெல்லாம் என் பெண் டாம் அண்ட் ஜெர்ரி பார்ப்பாள். பொழுது சாய்ந்தால் பூனையும் எலியும் போய், அதே சேனலில் டி.என்.டி. என்று பேர் மாறி, கறுப்பு வெள்ளை அமெரிக்கப் படங்கள் ஓடும். நாங்கள் மூன்று மைல் மிதித்துத் தேடிப்போன கேரி கிராண்டும் கிளார்க் கேபிளும் கூப்பிடாமலே கூடத்துக்கு வந்து நின்றார்கள். பெண் அழுவாள். “அப்பா, கலர் போயிடுத்து.”

அங்கேதான் ஒரு ராத்திரி ‘சிட்டிசன் கேன்’ படத்தை முதல்முறையாகப் பார்க்க உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருஷம் வாதாடிய படம். உலகத்துப் படங்களிலேயே முதல் இடம் என்று விமர்சகர்கள் பத்து வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டு அறிவித்து வந்த அதே படம். கால்மணி நேரத்தில் தூங்கிவிட்டேன். மறுநாள் காலை மாம்பலத்துக்கு போன் போட்டு, “என்ன ஆழம்டா!” என்றேன்.

இன்னொரு ராத்திரி மாம்பலமே போன் செய்தான். டி.என்.டி.யில் ‘ஹை நூன்’. ஆரம்பத்திலேயே கல்யாணம். குரலில் இடி விழுந்தவனின் நிதானம். “டேய், பிரிண்டை மாத்திட்டாண்டா. ரீல் மாத்திப் போடறான்.” அப்போதுதான் சமோசா, கோல்ட் ஸ்பாட் விவரமெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அடையாறிடம் சொன்னால் அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஃபிலிம் சொசைட்டியில் அவன் பார்த்தபோது கடைசி ரீல் வந்து சேரவேயில்லை என்றான். பதினாறு எம்.எம். பெட்டியில் ஒன்று ரயிலில் எங்கேயோ தங்கிவிட்டதாம். செயலாளர் எழுந்து நின்று முடிவை வாயால் சொன்னாராம். வில்லை புழுதியில் விழுவதை அவர் கையை உதறிக் காட்டினாராம். அந்த உதறலைத்தான் இவன் இருபது வருஷம் எங்களுக்கு ஜின்னெமானின் உச்சக்கட்டம் என்று விளக்கிக்கொண்டிருந்தான்.

ஆக ஒருவன் முடிவையும் ஆரம்பத்தையும் பார்த்திருந்தான், ஒருவன் முடிவைத் தவிர எல்லாம் பார்த்திருந்தான், நான் ஒன்றும் பார்க்கவில்லை. எனக்கு அம்மை போட்ட கதையை அன்றைக்கும் நான் சொல்லவில்லை.

இப்போது எல்லாம் கைக்குள் வந்துவிட்டது. சஃபையர் இடிந்து மனையாகப் பல வருஷம் கிடந்தது. 2008-ல் டிரைவ்-இன் மூடி, அந்த இடத்தில் 2010-ல் செம்மொழிப் பூங்கா வந்தது; நாங்கள் காலி டம்ளரோடு உட்கார்ந்த இடத்தில் ஏதோ அயல்நாட்டுச் செடி, லத்தீன் பேரோடு. தியேட்டர்களில் எல்பின்ஸ்டன் இல்லை, குளோப் இல்லை, ஆனந்த் இல்லை. கேசினோ மட்டும் இன்னும் நிற்கிறது. பதிலுக்கு என் போனில் அத்தனை படமும் இருக்கிறது. மழை பெய்யாத பிரிண்ட், ஒவ்வொரு வசனத்துக்கும் கீழே எழுத்து. ஜான் வெய்ன் என்ன சொன்னார் என்று ஐம்பது வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். பெரும்பாலும் குதிரையைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒரு படத்தை முடிக்க முடியவில்லை. எந்நேரமும் பார்க்கலாம் என்பதால் இந்நேரம் பார்க்க வேண்டியதில்லை. இருபது நிமிஷத்தில் நிறுத்திவிட்டு அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்கு வருகிற என் வயசுக்காரர்களிடம் வலையை வீசிப் பார்த்தேன். ‘வெர்டிகோ’ 2012-ல் ‘சிட்டிசன் கேனை’ முதல் இடத்திலிருந்து இறக்கியது சரியா என்றேன். ஒருவர், “அது எதில இருக்கு? நெட்ஃப்ளிக்ஸா, பிரைமா?” என்றார். இன்னொருவர் தலைசுற்றல் என்றால் உப்பைக் குறைக்கச் சொன்னார். பேச்சு அங்கே முடிந்தது. சண்டை போட ஆளில்லை. சந்தேகம் வந்தால் போனை எடுத்துப் பார்த்து அரை நிமிஷத்தில் தீர்த்துவிடுகிறார்கள். நாங்கள் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்டினோம்.

போன வருஷம் ஒருநாள் வைராக்கியமாக உட்கார்ந்து ‘ஹை நூன்’ படத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பார்த்தேன். எழுபது வயசுக்கு மேல், முதல் தடவையாக. அருமையான படம், நான் 1972-ல் சொன்னதெல்லாம் சரி. டைட்டிலில் திரைக்கதை கார்ல் ஃபோர்மன் என்று வந்தது. எங்கேயோ பார்த்த பேராக இருக்கிறதே என்று தேடினேன். தேடியிருக்கக்கூடாது.

‘மெக்கனாஸ் கோல்ட்’ எழுதியதும் அவரே. எழுதியது மட்டுமா, தயாரித்ததும் அவர். கூட்டுத் தயாரிப்பாளர் யார் என்றால், நான் புத்தகம் பார்த்து மெச்சிக்கொண்டிருந்த ‘ஹை நூன்’ இசையமைப்பாளர் தியோம்கின். இது போதாதென்று, கூப்பர் வேஷத்துக்குக் கேட்டவர்களில் கிரெகரி பெக்கும் ஒருவர். ஏற்கெனவே அதே மாதிரி ஒன்று பண்ணியாயிற்று என்று மறுத்துவிட்டு, பிறகு காலமெல்லாம் வருந்தினாராம். டிரைவ்-இன் மேஜையில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாங்கள் எறிந்துகொண்ட கல் அத்தனையும் ஒரே குவாரியிலிருந்து வந்திருக்கிறது.

ஃபோர்மன் கதையை மேலும் படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ‘ஹை நூன்’ எடுத்துக்கொண்டிருந்த 1951-ல், கம்யூனிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்றார். நண்பர்கள் ஒவ்வொருவராகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். வேலை போய், இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வீடு வீடாகத் துணை கேட்டுப் போகிற கூப்பர் அவர்தான். ‘தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ திரைக்கதையில் அவர் கையும் இருந்தது, படம் வந்தபோது டைட்டிலில் அவர் பேர் இல்லை. அதற்கான ஆஸ்கர் 1984-ல் அவர் இறந்த பிறகே அவர் கணக்கில் வந்தது. ஜான் வெய்னுக்கு ‘ஹை நூன்’ அமெரிக்க விரோதப் படமாகப் பட்டதும், அதற்கு எதிர்ப்பாட்டாக 1959-ல் ஹாக்ஸோடு சேர்ந்து ‘ரியோ பிராவோ’ செய்ததும் எனக்கு முன்பே தெரியும். அதை ஏதோ இரண்டு டைரக்டர்களின் பாணி வித்தியாசம் என்று டிரைவ்-இன்னில் விளக்கியிருக்கிறேன். கழுகுப் படத்தையும் மாம்பலத்தின் கண்ணோடு ஒரு தடவை பார்க்கலாம் என்று போட்டேன். பேராசையில் ஊரே ஒருத்தர் பின்னால் ஒருத்தராக ஓடி அழிகிறது. துணைக்கு வராத அதே ஊர்க்காரர்கள் மாதிரித்தான் எனக்குத் தெரிந்தார்கள். பட்டினத்தாரை நான் ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

இதை போனில் சொல்லக்கூடாது, நேரில் சொல்லி மாம்பலத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தேன். ஆவணியில் அடையாறின் பேத்திக்குக் கல்யாணம், லஸ் காமதேனு மண்டபத்தில். ஆமாம், அதே காமதேனு. தியேட்டர் எப்போதோ கல்யாண மண்டபமாகிவிட்டது. வாழ்நாளில் முதல்முறையாக அதற்குள் நுழைந்தேன், அதுவும் ஓசியில்.

பந்தியில் மூன்று பேரும் பக்கத்தில் பக்கத்தில். அடையாறுக்குக் காது சரியில்லை, மாம்பலத்துக்குச் சர்க்கரை. நான் ஃபோர்மன் பேரைச் சொன்னேன், தியோம்கினைச் சொன்னேன், கிரெகரி பெக்கைச் சொன்னேன். அடையாறு, “ஜின்னெமான் இல்லாட்டா அது வெறும் காகிதம்” என்றான், கேட்டதோ கேட்கவில்லையோ. மாம்பலம் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, “நான்தான் அப்பவே சொன்னேனே, ரெண்டும் ஒண்ணுதான்னு” என்றான். அவன் அப்படி எப்போது சொன்னான் என்று நான் ஆரம்பிக்க, அடையாறு குரலை உயர்த்த, சாம்பார் கொண்டுவந்த பையன் தயங்கி நின்றான்.

மாம்பலத்தின் பேரன் பக்கத்து இலை. “எந்தப் படம் தாத்தா?” இடது கையால் போனை எடுத்து அரை நிமிஷத்தில் பிடித்துவிட்டான். ரசம் ஊற்றுவதற்குள் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி நேரே கடைசிக்குப் போனான். “க்ளைமாக்ஸ் நல்லா இருக்கான்னு பாத்துட்டுத்தான் படம் பாக்கறதான்னு முடிவு பண்ணுவேன்.” உள்ளங்கையில் கேரி கூப்பர் வெறிச்சோடிய தெருவில் நடந்தார். சுட்டார். வில்லை புழுதியில் விழுந்தது. வண்டி போயிற்று. “ஓக்கே, பரவால்ல” என்று பேரன் மறுபடி ஆரம்பத்துக்கு இழுத்தான். விரல் டைட்டிலையும் சேர்த்துத் தாண்டிவிட்டது. கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. அப்போது பாயசம் வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

“பாத்தியாடா?” என்றான் மாம்பலம் என்னிடம். பாயசம் அவனுக்கு ஆகாது. இலையில் ஊற்றியதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழித்தான்.

எதிர் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவிக்கு மட்டும் ஒரு சந்தேகம். “ஏன்னா, அந்தக் கல்யாணத்துக்கு வந்தவா யாருமே சாப்பிட்ட மாதிரி தெரியலையே?”